ஈயக்குண்டுக்கு வலச்சுற்று

உட்காருங்க சார். ஆத்தூரிலிருந்து பஸ் மாறி, இத்தனை வளைவும் திரும்பி ஏற்காட்டுக்கு வந்திருக்கீங்க. நின்னுக்கிட்டே பேசிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? இந்த நாற்காலியில உட்காருங்க, அந்த நாற்காலி ஆடும். காபி கொண்டுவரேன். சொந்தத் தோட்டத்துக் கொட்டை.

குழந்தைவேலு பையன் நவநீதனைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க, அவ்வளவுதானே? உங்க பொண்ணுக்குக் கேட்டிருக்காங்க. எப்படிப்பட்ட குடும்பம்னு நாலு பேர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு பார்க்கறீங்க. பண்ணணும். டீக்கடைக்காரன்தானே என் வீட்டைக் காட்டினான்? காட்டும்போது சிரிச்சானா? சிரிச்சிருப்பான். என் மகள் பிரதீபாவுக்குப் பேசி, நிச்சயதார்த்த மேடை வரைக்கும் வந்து நின்ன பையன் அவன். அதை நிறுத்தினவன் நான். அதனால மனசுல ஏதாவது வச்சுக்கிட்டுப் பேசுவேன்னு உங்களுக்குத் தோணலாம். தோணவே வேண்டாம். இந்தத் தணிகாசலத்துக்கிட்ட பாரபட்சம் கிடையாது.

பையன் தங்கம். அதை முதல்லயே சொல்லிடறேன். அப்பாவோட காபித் தோட்டத்தை அவன்தான் பார்த்துக்கறான். சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. தோட்டத்து ஆளுங்களை மரியாதையாக் கூப்பிடுவான். குறைன்னு பார்த்தா அந்தக் குடும்பத்துல ஒண்ணே ஒண்ணுதான். அவங்க அப்பா குண்டுக்குக் காகிதத்தை இடப்பக்கமாச் சுத்தறவர்.

புரியலை இல்லையா? உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. சமவெளியில இருக்கறவங்களுக்கு இதெல்லாம் சட்டுனு புரியாது. சொல்றேன்.

இங்கே எங்களுக்கு ஒரு ரைஃபிள் கிளப் இருக்கு. மெம்பர்கள் எல்லாம் தோட்டக்காரங்க, வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவங்க. ஆளுக்கொரு பழைய ரைஃபிள், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வந்தது. ஒரு தடவைக்கு ஒரு குண்டு போட்டுச் சுடற வகை. லைசென்ஸ் எல்லாம் சுத்தம். இந்த ரைஃபிளுக்குக் கடையில குண்டு கிடைக்காது. நாங்களே வார்த்துக்குவோம். அதுக்கும் கிளப்புக்கு அனுமதி இருக்கு, கண்ணாடி போட்டுச் சுவர்ல மாட்டியிருக்கோம்.

ஈயத்தை உருக்கணும். மேல மிதக்கிற கசடை வழிக்கணும். அச்சுல ஊத்தி, ஆறவிட்டுத் தட்டினா குண்டு விழும். அதோட விட்டா ஈயம் குழலுக்குள்ள ஒட்டிக்கும். அதனால மெல்லிசான காகிதத்தைச் சாய்வா நறுக்கி, தண்ணியில நனைச்சு, குண்டைச் சுத்தி ரெண்டு சுற்று. ஓரமும் ஓரமும் தொடணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது. அடியில மிச்சத்தை முறுக்கிக் காயவச்சா, தோல் மாதிரி பிடிச்சுக்கும். சுட்டதும் குழல் வாய்ல காகிதம் கிழிஞ்சு பூத்தூவல் மாதிரி விழும். குண்டு மட்டும் போகும். பார்க்கக் கொடுத்து வச்சிருக்கணும் சார்.

ஈயத்துக்குச் சேலம் டயர் கடைக்குப் போவோம். சக்கரத்துல ஒட்டற எடைத்துண்டு அங்கே குப்பையாக் கிடக்கும். முதல் தடவை உருக்கினது என் சம்சாரம் அம்சவேணி பால் காய்ச்சற பாத்திரத்துல. அப்புறம்தான் தோட்டத்துக் கொட்டகைக்கு மாறினேன். அவள் ஒரு நாள் கேட்டாள்: "இந்தப் பொறுமையில ஒரு நாள் ஒரு வத்தக்குழம்பு வைக்கத் தோணுமா உங்களுக்கு?" நான் சொன்னேன், "வத்தக்குழம்புக்கு இந்த நுணுக்கம் தேவையில்லை அம்சவேணி." அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவள் பேசவே இல்லை. என்ன இருந்தாலும் நியாயம்னு தெரிஞ்சா ஒத்துக்கிறவள்.

கொட்டகையில நானும் குழந்தைவேலுவும்தான். முப்பது வருஷப் பழக்கம். அவன் ஊத்துவான், நான் சுத்துவேன். அவனுக்கு ஈயத்தோட சூடு பார்த்தவுடனே தெரியும். எனக்குக் காகிதம். ஏர்மெயில் தாள்ல சுத்தியிருக்கேன், பஞ்சாங்கத் தாள்ல சுத்தியிருக்கேன். அச்சு ஆறற நேரத்துல பேசி முடிச்ச சம்பந்தம்தான் எங்க பிள்ளைங்களோடது. "உன் பையன், என் பொண்ணு, என்ன சொல்றே?"ன்னு கேட்டேன். "கசடை வழிச்சுட்டுச் சொல்றேன்"னான். வழிச்சுட்டு, "சரி"ன்னான்.

பிள்ளைங்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். நாங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டும் தலையாட்டிடுச்சு. இந்தக் காலத்துல யார் சார் இப்படி இருக்காங்க? யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கலை. அவ்வளவு அடக்கம்.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது.

தேர்தல் அறிவிச்சா லைசென்ஸ் துப்பாக்கி எல்லாத்தையும் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாங்களும் வரிசையில நின்னு கொடுத்தோம். ஆனா வருஷா வருஷம் கோடையில எங்க கிளப்புக்குக் கோப்பைப் போட்டி நடக்கும். சீட்டுக்கட்டு இல்லாம சீட்டு விளையாட முடியுமா? எங்க தலைவர் ஜெபராஜ் டாக்டர் ஒரு வழி சொன்னார். பல் டாக்டர், ரிட்டயர் ஆனவர். "சுடத்தானே முடியாது? குண்டை மட்டும் கொண்டு வாங்க. எடை, வழவழப்பு, காகிதம் சுத்தினது, இதைப் பார்த்துக் கோப்பை கொடுத்துடலாம்"னார்.

உண்மையைச் சொல்லணும்னா எல்லாருக்கும் சந்தோஷம்தான். சுட்டாத்தானே குறி தவறும்? அந்த வருஷம் மாதிரி ஒருத்தருமே குறி தவறாத வருஷம் கிளப் சரித்திரத்துலயே கிடையாது. வழக்கமா சாக்குச் சொல்லி வராம இருக்கறவங்ககூட இஸ்திரி போட்ட சட்டையில வந்தாங்க.

ஆனா ஒரு விதி. குண்டை அவங்கவங்களே ஊத்தணும், அவங்கவங்களே சுத்தணும். நான் ஊத்தினேன். வேலு சுத்தினான். அது வரைக்கும் அவன் சுத்தி நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

நகைக்கடைத் தட்டுல வெல்வெட் விரிச்சுக் குண்டுகளை அடுக்கி வச்சிருந்தாங்க. டாக்டர் பல்லைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியால ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில என்னுதும் வேலுவோடதும்தான் நின்னது. என் ஈயத்துல ஒரு சின்னச் சுருக்கம் இருந்ததாம். அச்சு சூடாகறதுக்கு முன்னாடி ஊத்தினா அப்படி வரும்னார். ஏற்காட்டுக் குளிருக்கு நான் என்ன பண்றது? வேலுவோட காகிதத்துல ஓரம் லேசா ஏறியிருந்தது. எடை ரெண்டும் ஒண்ணு. அப்போ டாக்டர் கண்ணாடியைக் கீழே வச்சுட்டு, "ஒண்ணு வலப்பக்கம் சுத்தியிருக்கு, ஒண்ணு இடப்பக்கம். இதுல எது சரி?"ன்னு கேட்டார்.

கேட்டிருக்க வேண்டாம். அவர் சும்மா கேட்டார். பல்லைப் பிடுங்கறவங்களுக்கு வாயை மூடத் தெரியாது.

வேலு சொன்னான்: "குழலுக்குள்ள வெட்டியிருக்கிற வரி வலது பக்கமா முறுக்கிப் போகுது. காகிதம் எதிர்ப்பக்கமா இருந்தாத்தான் பிடிமானம்."

நான் சொன்னேன்: "வரி வலப்பக்கம் போனா காகிதமும் வலப்பக்கம் போகணும். கூடப் போறதுதான் இசைவு. எதிர்த்துப் போறது வீட்டுக்கு வந்த மருமகள் எதிர்த்துப் பேசற மாதிரி."

"என் வீட்டுக்கு வரப் போறது உன் பொண்ணு. நீயே இப்படிச் சொல்றியே?"ன்னு சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. கொள்கை பேசும்போது சிரிக்கக் கூடாது.

சுட்டுப் பார்த்தா முடிஞ்சுதேன்னு நீங்க நினைக்கறீங்க. ரைஃபிள் ஸ்டேஷன்ல இருக்கே. நானே இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். "ஒரே ஒரு ரைஃபிள், ரெண்டே ரெண்டு குண்டு, உடனே திருப்பிக் கொடுத்துடறேன்"னேன். அவர் பேனாவை மூடி வச்சுட்டு, "ஐயா, தேர்தல் நேரத்துல ரெண்டு கோஷ்டியில எது பெரிசுன்னு பார்க்கத் துப்பாக்கி கேட்கறீங்க. இதை அப்படியே எழுதிக் கொடுங்க, மேல அனுப்பறேன்"னார். நல்ல மனுஷன். எழுதலாம்னுதான் வீட்டுக்கு வந்தேன். அம்சவேணி பேனாவை எங்கேயோ வச்சுட்டாள்.

சுட முடியாததால கிளப்புல கருத்து வளர்ந்தது. ஆளாளுக்கு யோசிக்க நேரம் கிடைச்சுது பாருங்க. வலச்சுற்றுக்காரங்க ஜன்னலோரம் உட்கார்ந்தோம், இடச்சுற்றுக்காரங்க கேரம் போர்டு பக்கம். டீ ஃபிளாஸ்க் ரெண்டாச்சு. அறிவிப்புப் பலகைக்கு நடுவுல ஒரு கோடு விழுந்தது. அவங்க பக்கத்து ஆள் ஒருத்தர் கைக்கடிகாரத்தை வலது கைக்கு மாத்திட்டார். எதுக்குன்னு அவருக்கே தெரியாது. வாழ்க்கையில ரைஃபிளைத் தொடாத கிளப் சமையல்காரர்கூட எங்களுக்கு வார்க்கிற தோசை மாவை வலப்பக்கமாத் தேய்ச்சார். உணர்வுள்ளவர். இத்தனைக்கும் நானும் வேலுவும் வெளியில பார்த்தா பேசிக்கத்தான் செஞ்சோம். "சம்பந்தி"ன்னுதான் கூப்பிட்டுக்கிட்டோம். ஆனா கொட்டகைக்கு அவன் வரலை, நானும் கூப்பிடலை.

ஆனி மாசம் நிச்சயதார்த்தம். சின்ன மண்டபம்தான். ரெண்டு பக்கத்து உறவும் வந்திருந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுச் சீர்த் தட்டு வரிசையா வருது. பழம், பூ, புடவை, சர்க்கரை. கடைசித் தட்டை வேலு அவன் கையாலயே தூக்கிட்டு வரான். மேல ஒரு வெல்வெட் பெட்டி. திறந்தான். உள்ளே வரிசையாக் குண்டு. ஊத்தினது அவன். ஒரு சுருக்கம் இல்லை. சுத்தியிருந்தது எங்க பிள்ளைங்களோட கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரியா அச்சடிச்சுப் பார்த்த மெல்லிசுத் தாள். ஓரத்துல பொன் எழுத்து லேசாத் தெரியுது. மண்டபத்துல எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க. அழகுதான் சார். நான் பொய் சொல்ல மாட்டேன்.

கையில எடுத்து விரல்ல உருட்டிப் பார்த்தேன். இடப்பக்கம்.

நான் என்ன தப்புப் பண்ணினேன்னு நீங்களே சொல்லுங்க. சத்தம் போடலை. யாரையும் ஒரு வார்த்தை சொல்லலை. ஐயர் லக்னப் பத்திரிகை வாசிக்க ஆரம்பிக்கறார். நான் பாட்டுக்கு ஒரு குண்டைப் பிரிச்சேன். பஞ்சபாத்திரத்துத் தண்ணியில காகிதத்தை நனைச்சு வலப்பக்கமாச் சுத்தி வச்சேன். ரெண்டாவதை எடுத்தேன். மொத்தத்தையும் சரி பண்ணிக் கொடுத்துடலாம், நம்ம சம்பந்திதானே, பின்னால யாரும் அவனைக் குத்தம் சொல்லக் கூடாதுன்னுதான்.

"தணிகை, அதைக் கீழே வை"ன்னான்.

"இரு. இன்னும் கொஞ்சம்தான்."

"சீர்த் தட்டுல வந்ததைப் பிரிக்கறது என்ன பழக்கம்?"

"சீர்த் தட்டுல தப்பைக் கொண்டுவந்து வைக்கறது என்ன பழக்கம்?"

ஐயர் வாசிக்கறதை நிறுத்திட்டார். வேலு எல்லாருக்கும் கேட்கற மாதிரி, "உன் ஈயத்துல சுருக்கம்னு டாக்டரே சொன்னார். நீ எனக்குச் சொல்ல வந்துட்டே"ன்னான். உறவுக்காரங்க முன்னாடி சார். என் முகத்துல சுருக்கம்னு சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். ஈயத்துலன்னு சொன்னா எப்படிப் பொறுக்கறது? "இந்தச் சம்பந்தம் வேண்டாம், தட்டை எடு"ன்னேன். எடுத்துட்டான். சர்க்கரைத் தட்டை மட்டும் யாரோ மறந்து விட்டுட்டாங்க, அதை மறுநாள் ஆள்கிட்ட கொடுத்தனுப்பினேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்லையா?

பிரதீபா அழுதாளான்னு கேட்கறீங்க. இல்லை. என் மகளாச்சே. அவள் நவநீதனைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தலையில கை வச்சுக்கிட்டாங்க. காகிதம் அப்படிச் சுத்தியிருந்ததுல அவங்களுக்கும் அவ்வளவு வருத்தம்.

அப்புறம் ரைஃபிள் திரும்பி வந்தது. இப்போவாவது சுட்டுப் பார்த்திருக்கலாமேன்னு எல்லாரும் இதையே கேட்கறாங்க. நாங்க என்ன பயந்தா இருந்தோம்? டாக்டர் நாள் குறிச்சார். ரெண்டு கோஷ்டியும் வந்தது. பனிமூட்டம்னு அவங்க சொன்னாங்க, நாங்களும் ஆமான்னோம். அடுத்த தடவை ஈரக் காத்துன்னு நாங்க சொன்னோம், அவங்க ஆமான்னாங்க. இந்த ஒரு விஷயத்துல மட்டும் எங்களுக்குள்ள ஒத்துமை குறைஞ்சதே இல்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை பிரதீபா, குறிவச்சுச் சுட்ட அட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில விரிச்சாள். கிளப்புல அவளும் மெம்பர்தான், நவநீதனும்தான். டாக்டர் முன்னாடி வச்சு ரெண்டு பேரும் என் குண்டையும் வேலு குண்டையும் மாத்தி மாத்திச் சுட்டிருக்காங்க. "அப்பா, உங்க குண்டு எது, வேலு மாமா குண்டு எது, காட்டுங்க பார்ப்போம்"னாள். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே ஓட்டையா இருக்கு.

"இப்போ என்ன சொல்றீங்க?"ன்னாள்.

"முதல்ல எந்தக் குண்டைச் சுட்டீங்க?"

"உங்களுதுதான்."

"அப்போ சரி. வலச்சுற்று போட்டு வச்ச வழியில இடச்சுற்று போயிருக்கு."

அட்டையை மடிச்சுக்கிட்டு உள்ளே போயிட்டாள். பதில் இல்லைன்னா ஒத்துக்கிட்டாள்னுதானே அர்த்தம்? அந்தப் பக்கம் வேலு, கோணலாப் போன முதல் குண்டை ரெண்டாவது குண்டு நேராக்கிடுச்சுன்னு சொன்னானாம். பாருங்க, கண்ணால பார்த்தும் நம்பாத ஆளை என்ன சொல்றது?

அதுக்கப்புறம்தான் அவன் பையனுக்கு வெளியூர்ல பொண்ணு தேட ஆரம்பிச்சு, உங்க வீடு வரைக்கும் வந்திருக்கான். நானும் இவளுக்கு இடம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். எந்த வரனைச் சொன்னாலும், "வேலை கிடைக்கட்டும்ப்பா"ங்கறாள். இதோ இன்னிக்குச் சேலத்துல ஒரு பேங்க்ல இன்டர்வியூ. அம்மாவையும் துணைக்குக் கூட்டிக்கிட்டு விடியறப்போவே கிளம்பிட்டாள். பட்டுப்புடவை எதுக்குன்னு கேட்டேன். "பெரிய இடத்துக்குப் போறோம், மரியாதையாப் போக வேண்டாமா?"ன்னாள் அம்சவேணி. பேங்க்காரங்களுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கறவள் சார். பிரதீபா என் கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போனாள். கண்ணு கலங்கியிருந்தது. ஒரு இன்டர்வியூவுக்கு இவ்வளவு பயப்படலாமா?

ஏன் சார், டம்ளரைக் கீழே வச்சுட்டீங்க? சர்க்கரை கூடப் போச்சா?

பையனைப் பார்க்கணுமா? இன்னிக்கு முடியாது. காலையில வெள்ளை வேட்டி சட்டையில கீழே இறங்கினான்னு டீக்கடையில சொன்னாங்க. உரம் வாங்கப் போயிருப்பான். அவன் அம்மாவும் கூடப் போயிருக்காங்களாம். உரத்துக்கு எதுக்கு அம்மான்னு எனக்கும் தெரியலை.

எழுந்துட்டீங்களே. பாதி காபி அப்படியே இருக்கு. இருங்க, போன் அடிக்குது.

வேலு நம்பர்.

நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம் இவன் என்னைக் கூப்பிடறது இதுதான் முதல் தடவை. அடிக்கட்டும். இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்.

ஹலோ. யாரு... தெரியும் தெரியும், சும்மா கேட்டேன். சொல்லு. எங்கே? எந்தக் கோயில்ல? யாரு, யாருக்கு?

உனக்கு யாரு சொன்னது? உன் வீட்டுக்காரியா? அவங்க அங்கேதான் இருக்காங்களா? சரி. என் வீட்டுக்காரி?

அவளும்.

தாலி கட்டியாச்சா. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தும். சாட்சி யாரு போட்டது? ரெண்டு பேருமா? ம். ம்.

வேலு, லைன்ல இருக்கியா? அழாதே. அழறதுக்கு என்ன ஆச்சு இப்போ? நான் அழலை, எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. நமக்குச் சொல்லாமப் போனாங்கன்னா, சொல்ற மாதிரியா நாம இருந்தோம்? நாமன்னா உன்னைத்தான் சொல்றேன்.

புடவை என்ன நிறம்னு கேட்டியா? நான் காலையில சரியாப் பார்க்கலை.

சரி. நீ இங்கே வா. சாயங்காலம் பிள்ளைங்க மேல வந்துடும். வாசல்ல நிக்க ஆள் வேணும் இல்லையா? என் வீட்டு வாசலா உன் வீட்டு வாசலான்னு அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல வா. ஆரத்தி கரைக்கத் தெரியுமா உனக்கு? எனக்கும் தெரியாது. மஞ்சளும் சுண்ணாம்பும்தான், கரைச்சுப் பார்த்துக்கலாம். நீ கரை, நான் சுத்தறேன்.

எந்தப் பக்கமாவா? இது என்னடா கேள்வி, ஆரத்தி வலப்பக்கமாத்தான் சுத்தணும். என்னது? யாரு சொன்னது உனக்கு?

நீ வா. வாசல்ல வச்சுப் பேசிக்கலாம்.

மன்னிச்சுக்கங்க சார். உங்களை அலைய விட்டுட்டோம். உங்க பொண்ணுக்கு இதைவிட நல்ல இடம் அமையும், நானே நாலு இடத்துல சொல்லி வைக்கறேன். பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, மெதுவாப் போங்க. டீக்கடையைத் தாண்டித்தானே போகணும்? அவன் கேட்பான், யாரு யாரை முதல்ல கூப்பிட்டதுன்னு. நீங்க பக்கத்துலயே நின்னீங்க. உள்ளது உள்ளபடி சொல்லிட்டுப் போங்க.